அத்தை பொண்ணுக்கு மார்க் கிடையாது

எங்கள் சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் அத்தை என்றுதான் கூப்பிடுவோம். அவளைவிட வயதில் மூத்தவள் நான், நானும் அப்படித்தான். அவளுடைய அண்ணன் மகள் சின்னவளாக இருந்தபோது பள்ளி விட்டதும் நேராக இங்கே வந்து, “அத்தே, பசிக்குது” என்று வாசலில் நின்று கத்துவாள். துவைக்கிற மிஷின்களின் இரைச்சலைத் தாண்டிக் கேட்க வேண்டுமென்றால் அப்படித்தான் கத்த வேண்டும். கேட்டுக் கேட்டு சூப்பர்வைசர் முதல் லாரி டிரைவர் வரை எல்லோருக்கும் அவள் அத்தையாகிப் போனாள். அம்மா என்று கூப்பிடவும் அவளுக்கு ஒருத்தி பிறந்தாள். அந்தச் சொல் வாயில் வருவதற்கு முன்பே போய்விட்டாள்.

ஒரு பெரிய ஓட்டலின் அடித்தளத்தில் எங்கள் வேலை. மேலே யார் யாரோ படுத்துப் புரண்ட விரிப்புகள் எங்களிடம் வந்து, வெளுத்து, காய்ந்து, மடிந்து திரும்பப் போகும். பெரிய விரிப்பை ஒருத்தி மடிக்க முடியாது. இரண்டு பேர் ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து விலகி நின்று உதற வேண்டும். பிறகு நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். விலகி நிற்கும்போது மிஷின் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. கிட்ட வரும்போது ஒரு வாக்கியம் பேசலாம். நானும் அவளும் ஜோடி. அவள் வாழ்க்கை முழுவதையும் இப்படி ஒவ்வொரு வாக்கியமாகத்தான் எனக்குச் சொல்லியிருக்கிறாள்.

சொல்வதற்குப் பெரிதாக என்ன இருக்கிறது? கட்டிக்கொடுத்தார்கள். பெண் பிறந்தது, இதயத்தில் ஓட்டையோடு. சிட்டு என்று கூப்பிட்டாள். முதல் பிறந்தநாள் வருவதற்குள் சிட்டு போய்விட்டது. ஆஸ்பத்திரி வாசலிலேயே புருஷன், “ஒழுங்கா ஒரு பிள்ளை பெத்துத்தரத் துப்பில்ல” என்று சொல்லிவிட்டு இன்னொருத்தியைத் தேடிப் போனான். இவள் ஒரு பையோடு அண்ணன் வீட்டுக்கு வந்தாள். அண்ணன் மகளின் அறையில் இவளுக்கும் ஒரு கட்டில் போட்டார்கள். அன்றிலிருந்து அந்தப் பெண்ணுக்குத் தலை வாரிவிட்டது, காய்ச்சலுக்கு விழித்திருந்தது, மதியச் சாப்பாடு கட்டியது எல்லாம் இவள்தான். அண்ணி மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள், வீட்டுக்கு வரவே இருட்டிவிடும். அண்ணி கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் சண்டை போட்டுத் தொலைத்திருக்கலாம்.

அந்த வீட்டில் ஒரே ஒரு கட்டுப்பாடு. சிட்டுவைப் பற்றிப் பேசக்கூடாது. “பழசைக் கிளறி என்ன ஆகப்போகுது?” என்பார் அண்ணன். குழந்தையின் படத்தைப் பார்த்தால் அண்ணிக்கு மனசு என்னவோ செய்யுமாம், அதனால் படம் இவள் பெட்டிக்குள் துணிகளுக்கு அடியில் கிடந்தது. தனக்கு ஒரு பிள்ளை இருந்தது என்பது மட்டும்தான் இவளுடைய சொத்து. அதையும் பூட்டித்தான் வைத்திருந்தாள்.

அண்ணன் மகள் பள்ளிப்படிப்பை முடிக்கும் வருஷம் வந்தது. அவள் ஆசைப்பட்ட கல்லூரி தூரத்தில் இருந்தது. உதவித்தொகையோடு சீட்டு கிடைத்தால்தான் உண்டு. அதற்கு மார்க் மட்டும் போதாதாம், ‘உன் வாழ்க்கையை மாற்றிய ஒரு நிகழ்ச்சி’ என்று ஒரு கட்டுரை எழுத வேண்டுமாம். இதைச் சொல்லிக்கொடுக்கவும் ஊரில் ஆள் இருந்தார். ஜெராக்ஸ் கடை மாடியில் ஒரு நீளமான அறை, கட்டுரை மாஸ்டர் என்று பெயர். மருமகளோடு துணைக்குப் போய் அத்தை கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். அங்கே நடப்பதை மறுநாள் விரிப்பு மடிக்கும்போது எனக்குச் சொல்வாள். முதலில் நான் நம்பவில்லை.

பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து நின்று தங்கள் வீட்டுத் துக்கத்தைச் சொல்ல வேண்டும். மாஸ்டர் அதற்கு மார்க் போடுவார்.

“அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி சார்.”

“யாருக்குத்தான் இல்ல? உக்காரு.”

“நாங்க வளத்த நாய் செத்துப்போச்சு சார்.”

“போன வருஷம் என்கிட்ட வந்ததுல பாதிப்பேருக்கு நாய் செத்துச்சு. படிக்கறவங்களுக்கு அலுத்துப்போச்சுடா. உக்காரு.”

ஒரு பெண்ணின் அப்பா கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து படுத்த படுக்கையாக இருந்தார். அவளுக்குப் பத்துக்குப் பத்து. சுற்றி இருந்த பிள்ளைகள் அவளை வயிற்றெரிச்சலோடு பார்த்தார்களாம். “கொடுத்து வெச்சவ” என்று ஒருத்தி முணுமுணுத்தது கடைசி பெஞ்சு வரை கேட்டிருக்கிறது.

நம் பெண்ணின் முறை வந்தது. எழுந்து நின்று பேந்தப் பேந்த விழித்தாள். “எனக்கு ஒண்ணும் இல்ல சார். அப்பா அம்மா நல்லாத்தான் இருக்காங்க.”

“நல்லா இருக்காங்களா?” மாஸ்டர் உதட்டைப் பிதுக்கினார். “அப்ப கஷ்டம்தான்.”

வீடு வரும்வரை அவள் அழுதுகொண்டே வந்தாளாம், அழுவதற்கு ஒரு காரணம் இல்லையே என்று.

அன்று இரவுச் சாப்பாடு முடிந்ததும் குடும்பமே கூடி உட்கார்ந்து துக்கம் தேடியது. அண்ணன் ஓடுகள் விற்கிற கிடங்கில் கிளார்க். அவர் தன் குடலிறக்க ஆபரேஷனை எடுத்து வைத்தார்.

“அதை எப்படிப்பா எழுதறது?”

“ஏன், எனக்கு வலிக்கலையா? ஒரு மாசம் குனிய முடியல.”

“நான் எவ்ளோ நல்லா பாடுவேன்! கல்யாணத்துக்கு அப்புறம் பாடக்கூடாதுன்னுட்டார் உங்கப்பா. அதை எழுது” என்றாள் அண்ணி.

“நீ பாடி அவங்க கேட்டாங்கன்னா, நிறுத்தினவனுக்குத்தான் சீட்டு குடுப்பாங்க.”

யார் பட்ட கஷ்டம் பெரிது என்று இரண்டு பேருக்கும் வாய்ச்சண்டை முற்றிவிட்டது. தன் கஷ்டத்தை மகள் கிள்ளுக்கீரையாக நினைக்கிறாள் என்று அண்ணனுக்கு முகம் தொங்கிப்போனது. அத்தை பாத்திரம் எடுத்து வைத்துக்கொண்டே சிரித்திருக்கிறாள். அப்போதுதான் அந்தப் பெண் கேட்டாள்.

“அத்தே, சிட்டுவைப் பத்தி எழுதட்டுமா?”

மறுநாள் வேலைக்கு வந்தவளின் முகத்தைப் பார்த்து எனக்குப் பயமாகவே இருந்தது. அப்படி ஒரு வெளிச்சம். விரிப்பின் முனைகளைச் சேர்க்க வந்தவள் என் விரல்களையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். “அக்கா, எங்க வீட்ல சிட்டு பேரைச் சொல்லிட்டாங்க. எம் மருமக எழுதப்போறாளாம். அச்சுல வருமாம் அக்கா.”

அதன்பிறகு தினமும் அதே பேச்சுதான். கட்டில் மேல் உட்கார்ந்து இவள் சொல்லச் சொல்ல அந்தப் பெண் எழுதிக்கொண்டாள். சிட்டுவின் நகம் எப்படி நீலமாக மாறும், நிமிர்த்திப் பிடித்தால்தான் எப்படித் தூங்கும், கடைசி நாள் ஆஸ்பத்திரியில் டாக்டர் கையை விரித்தது, பிள்ளையைத் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தது, அது எடையே இல்லாமல் இருந்தது. இத்தனை வருஷம் அடைத்து வைத்ததை எல்லாம் கொட்டித் தீர்த்தாள். அந்தப் பெண்ணும் கேட்டு அழுதாளாம். அழுதிருப்பாள், நான் இல்லையென்று சொல்லவில்லை. அழுதுகொண்டே ஒரு வரி விடாமல் எழுதியும் கொண்டாள்.

மாஸ்டர் கட்டுரையைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பிரமாதம். யாரு செத்தது?”

“அத்தை பொண்ணு சார்.”

“அடடா.” காகிதத்தை மேசையில் போட்டார். “அத்தை பொண்ணு செத்தா ஆபீஸ்ல லீவே தரமாட்டான். மார்க் எங்கேர்ந்து தருவான்? அப்பா, அம்மா, கூடப் பொறந்தது, இதுக்குத்தான் மதிப்பு. அதைத் தாண்டினா எதிர்வீட்டுக்காரன் மாதிரி. தங்கச்சின்னு மாத்திக்கோ.”

கடைசி பெஞ்சில் அத்தை எழுந்து நின்றுவிட்டாள். “அது நான் பெத்தது சார்.”

“நீங்க பெத்ததுதாம்மா, யாரு இல்லைன்னா? கட்டுரையில மட்டும்தான் மாத்தறோம்.”

எல்லாப் பிள்ளைகளும் திரும்பிப் பார்த்தார்கள். மருமகள் மாட்டேன் என்று சொல்வாள் என இவள் காத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் அண்ணன் பொறுமையாகத்தான் பேசினாராம். “ஒரு வார்த்தைதானே மாறுது? நீ சொன்னதெல்லாம் அப்படியே இருக்கே.” பிறகு, “இத்தனை வருஷமா உன்னைக் கண்கலங்காம வெச்சிருக்கேன். பதிலுக்கு ஏதாவது கேட்டிருக்கேனா?” என்றார். இப்படிக் கேட்டால் அவள் என்ன செய்வாள்? அண்ணி வேறு அவள் தோளைத் தடவி, “நம்ம பொண்ணுக்காகத்தானே” என்றாள்.

“முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே? வாய்ல என்ன பூட்டா போட்டிருக்கு?” என்று நான் சத்தம் போட்டேன். இஸ்திரி போடுகிற ரோலர் மிஷின்காரன் திரும்பிப் பார்த்தான்.

“அவ படிச்சு மேல வரட்டும் அக்கா. செத்ததுக்கு என்ன தெரியப்போகுது?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விரிப்பை அப்படியே போட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவள் ஒரு முனையைத் தாடைக்குக் கீழ் இடுக்கிக்கொண்டு தனியாக மடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கட்டுரை தேறிவிட்டது. கல்லூரியிலிருந்து ஒரு அம்மாள் வீட்டுக்கு வந்து பார்த்துப் பேசிவிட்டுப் போவார், அதன்பிறகுதான் முடிவு என்று தகவல் வந்தது. வீடு அல்லோலகல்லோலப்பட்டது. பெட்டிக்குள் கிடந்த சிட்டுவின் படம் முதல் தடவையாக வெளியே வந்து கூடத்துச் சுவரில் ஏறியது. அண்ணி பரீட்சைக்குப் படிப்பதுபோலப் படித்தாள். என்ன வியாதி, எந்த மாசம் மூச்சுத் திணறல் ஆரம்பித்தது, டாக்டர் என்ன சொன்னார், கடைசி மூச்சு எப்போது போனது. அண்ணன் கேள்வி கேட்பார், அண்ணி பதில் சொல்வாள், தப்பு வந்தால் அத்தை திருத்துவாள். தன் பிள்ளை செத்த கதையை இன்னொருத்திக்கு ஒப்பிக்கக் கற்றுக்கொடுத்த தாய் உலகத்தில் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

அத்தைக்கு அண்ணன் சொல்லிவிட்டார். “நீ உள்ளயே இரு. உன் மூஞ்சி எல்லாத்தையும் காட்டிக் குடுத்துடும்.”

நான் அவர்களுக்குக் கீழ்வீடு. நல்ல கப் இல்லையென்று என்னிடம் வாங்கினார்கள், கப்போடு நானும் போய்ச் சமையலறையில் நின்றுகொண்டேன். உதவிக்கு என்று சொன்னேன். உண்மையில் வேடிக்கை பார்க்கத்தான் போனேன், அண்ணி மாட்டிக்கொண்டு முழிக்க மாட்டாளா என்று.

வந்த அம்மாளைப் பார்த்தால் குறை சொல்ல முடியாது. பருத்திப் புடவை, நரைத்த தலை, மெதுவான பேச்சு. கேட்க வேண்டியதைக் கேட்டார். அண்ணி கடகடவென்று ஒப்பித்தாள், நடுவில் மூக்கைக்கூட உறிஞ்சினாள். அந்த அம்மாள் தலையை ஆட்டி, பையை மூடி, சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார்.

“குழந்தை எப்படிம்மா சிரிக்கும்?”

அண்ணி அவரையே பார்த்தாள்.

“எனக்கும் ஒண்ணு போச்சும்மா” என்றார் அந்த அம்மாள். “எப்படிப் போச்சுன்னுதான் எல்லாரும் கேப்பாங்க. எப்படி இருந்துச்சுன்னு ஒருத்தர்கூடக் கேட்டதில்ல. அதான் நான் கேக்கறேன். எதைப் பாத்தா சிரிக்கும்?”

“அது... நல்லாத்தான் சிரிக்கும். எல்லாக் குழந்தை மாதிரியும்.”

சாவை வரிவரியாக மனப்பாடம் செய்தவர்கள், பிள்ளை கொஞ்ச நாள் உயிரோடும் இருந்தது என்பதை மறந்துவிட்டார்கள். அண்ணன் காரணமில்லாமல் இருமினார். அந்தப் பெண்ணுக்கு முகத்தில் ரத்தமே இல்லை. அந்த அம்மாளின் புருவம் லேசாகச் சுருங்கியது. நான் உள்ளே நின்று, மாட்டினாயா மகராசி என்று நினைத்துக்கொண்டேன். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், எல்லாம் அங்கேயே முடிந்துபோகும். திரும்பிப் பார்த்தேன். பக்கத்தில் நின்றவளைக் காணோம்.

டீத்தட்டோடு கூடத்துக்குப் போய்விட்டிருந்தாள்.

“அண்ணிக்குத் துக்கத்துல எல்லாம் மறந்துபோச்சுங்க” என்றாள். “தும்மினா குழந்தை சிரிப்பா. யாரு தும்மினாலும் சரி. சத்தமே வராது, தோள் ரெண்டும் மட்டும் குலுங்கும். அதுக்காகவே அண்ணி பொய்த்தும்மல் போடுவாங்க. அப்புறம் சிரிச்சாலே மூச்சு வாங்க ஆரம்பிச்சுடுச்சு. உதடு நீலமாயிடும். அதனால தும்மறதை நிறுத்திட்டாங்க. அவ ஆசையா மூஞ்சியையே பாத்துட்டு இருப்பா, எப்ப தும்முவாங்கன்னு. இவங்க திரும்பிப்பாங்க. கடைசி மாசம் பூரா சிரிக்கவே விடலைங்க.”

இதை இவள் எனக்குக்கூடச் சொன்னதில்லை. அந்த அம்மாள் அழுதுவிட்டார். எழுந்து போய் அண்ணியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, “எவ்ளோ பெரிய மனசும்மா உனக்கு” என்றார். அண்ணியும் அவர் தோளில் சாய்ந்து விம்மினாள். அது நடிப்பில்லை. அந்த நேரத்துக்கு அவள் பெற்றே இருந்தாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த அம்மாள் அத்தையைப் பார்த்தார். “நீங்க?”

“இவரோட தங்கச்சிங்க.”

“அண்ணன் பிள்ளை மேல அவ்ளோ பாசமா? உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?”

அண்ணன் தரையைப் பார்த்தார். அந்தப் பெண் அத்தையைப் பார்த்தாள்.

“இல்லைங்க.”

“பொறக்கவே இல்லையா?”

“பொறக்கலைங்க.”

அந்த அம்மாள் அவள் கன்னத்தைத் தொட்டார். அன்பாகத்தான் தொட்டார். “ஒரு விதத்துல நல்லதுதாம்மா. இந்த வலி இருக்கே, அது பெத்தவளுக்குத்தான் புரியும்.”

“ஆமாங்க” என்று சொல்லிவிட்டு அவள் காலி கப்புகளைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். என் கப்பு என்பதால் பார்த்துப் பார்த்துக் கழுவினாள். எனக்கு அவளை ஓங்கி ஓர் அறை விட வேண்டும்போல இருந்தது, கட்டிக்கொண்டு அழ வேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. துணியை எடுத்துக் கப்புகளைத் துடைத்தேன்.

சீட்டு கிடைத்தது. முழு உதவித்தொகை. அண்ணன் எங்கள் வீட்டுக்கும் இனிப்புப் பெட்டி கொண்டுவந்தார், நான் வாங்கி வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன். அன்றே தங்கையிடமும் சொல்லிவிட்டாராம். “இனிமே அந்தக் குழந்தைப் பேச்சை வேலை செய்யற இடத்துலகூட எடுக்காத. யார் காதுலயாவது விழுந்து கல்லூரிக்குப் போச்சுன்னா இவ வாழ்க்கையே போயிடும்.” முன்பு பேசினால் மனசு வருத்தப்படும் என்று பயம். இப்போது பேசினால் குற்றம். சுவரில் ஏறிய படத்தைத் திரும்ப இறக்கவும் இல்லை, திடீரென்று யாராவது வந்து பார்த்துவிட்டால்? வருகிறவர்கள் யாரென்று கேட்டால் அண்ணி, “என்னோட ரெண்டாவது” என்கிறாள். இப்போதெல்லாம் அவளுக்கு நாக்குக் கூசுவதில்லை. படத்துக்குத் தூசி தட்டுவது மட்டும் அத்தை.

அந்தப் பெண் கிளம்புகிற அன்று பஸ் நிலையத்துக்கு நானும் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு போனேன். அண்ணனும் அண்ணியும் டிரைவரிடம் எந்த இடத்தில் இறக்கிவிடுவார் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் அத்தையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். “நீங்க இல்லைன்னா நான் இல்ல அத்தே. சாகற வரைக்கும் மறக்கமாட்டேன்.” இவள் அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். பஸ் உறுமத் தொடங்கியதும் படியில் ஏறிய பெண், ஏதோ நினைவு வந்து குனிந்தாள்.

“அத்தே, அடுத்த வருஷம் உதவித்தொகை தொடரணும்னா இன்னொரு கட்டுரை எழுதணுமாம். சிட்டுவைத்தான் எழுதியாச்சே. வேற ஏதாவது இருந்தா யோசிச்சு வைங்க.”

“சரிடா கண்ணு. நீ நேரத்துக்குச் சாப்பிடு.”

பஸ் போய்விட்டது. அண்ணனும் அண்ணியும் முன்னால் நடந்தார்கள், நாங்கள் பின்னால். நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட வேண்டும் என்று நான் வாயைத் திறந்தேன். அவள் எதையோ தீவிரமாக யோசித்துக்கொண்டு வந்தாள்.

“ஏன் அக்கா, என் வீட்டுக்காரர் என்னை விட்டுட்டுப் போனாரே, அதை எழுதலாமா?” என்றாள். “நல்லாத்தான் இருக்கும். ஆனா அத்தை புருஷன்னு எழுதினா மார்க் வராது. அப்பா ஓடிப்போயிட்டாருன்னுதான் எழுதணும்.” முன்னால் போய்க்கொண்டிருந்த அண்ணனைப் பார்த்து அவள் குரலைத் தணித்துக்கொண்டாள். “அதுக்கு அண்ணன்கிட்ட எப்படி அக்கா கேக்கறது? பாவம், அவருக்குக் கஷ்டமா இருக்காதா?”